மாமாவைத் தின்ற பட்டன்

தஞ்சாவூர் ஜில்லாவில் இன்சர்ட் அக்காவின் கை படாத கீபோர்டுகள் சில இருக்கலாம். ஆனால் அக்காவின் கை பட்ட பிறகும் இன்சர்ட் பட்டன் மிச்சமிருக்கிற கீபோர்டு ஒன்றுகூடக் கிடையாது. வேண்டுமானால் பந்தயம் கட்டுங்கள். நான் கட்டமாட்டேன், எனக்கு விடை தெரியும்.

இன்சர்ட் என்றால் எது என்று முழிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கீபோர்டின் வலது பக்கம், டெலிட் பட்டனுக்கு மேலே, யாருக்கும் வேண்டாத ஒன்று உட்கார்ந்திருக்கும். தப்பித் தவறி விரல் அதில் பட்டால் போச்சு. அதற்குப் பிறகு எழுதியதன் நடுவே நீங்கள் ஓர் எழுத்தைச் சேர்த்தால், பழைய எழுத்து நகர்ந்து இடம் விடாது. புதிய எழுத்து பழையதைத் தின்றுவிடும். பத்து எழுத்து அடித்தால் பத்து எழுத்து காலி. நம்மில் பலரும் ஆயுளில் இரண்டு தடவை இதில் மாட்டி, "கம்ப்யூட்டர்ல வைரஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அக்கா டீ குடிக்கப் போகிற ரகம் இல்லை.

அப்போது நான் கீழவாசல் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று முதலாளி வாசலில் போர்டு மாட்டியிருந்தார். ஒரு புதன்கிழமை காலை, நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் கூடையும் குடையுமாக உள்ளே வந்தார்.

"அடிச்சுக் காட்டுங்கம்மா" என்றார் முதலாளி.

அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கீபோர்டை ஒரு பார்வை பார்த்தார். வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்தார். டப். இன்சர்ட் பட்டன் எகிறி முதலாளியின் மடியில் விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க!"

"இது இருந்தா நான் இருக்க மாட்டேன் சார். இப்ப சொல்லுங்க, என்ன அடிக்கணும்?"

முதலாளி போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டே ஒரு பத்திரிகைப் படியை நீட்டினார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பத்திரிகை முடிந்துவிட்டது. மழை ஓட்டு வீட்டில் அடிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலாளி பேப்பரைப் பார்த்தார், மடியில் கிடந்த பட்டனைப் பார்த்தார். "நாளைக்கே வந்துடுங்க" என்றார். அன்று சாயங்காலமே அவர் இன்சர்ட் அக்கா ஆகிவிட்டார். சொந்தப் பெயரைச் சம்பள நோட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது அவருக்குப் பொருந்தவே இல்லை.

அக்கா பழைய டைப்ரைட்டர் முறைப்படி அடிப்பவர். டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் முதல் வகுப்பு. நானோ இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' என்று தட்டி அதைத் தமிழாக்கிக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஒரு நாள் நான் திருத்தம் போடுவதை அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

"தம்பி, என்ன இது?"

"தமிழ்தான்க்கா. இங்கிலீஷ்ல அடிச்சா தமிழா வரும்."

"தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போவணும்னா மெட்ராஸ் வழியாத்தான் போவீங்களா?"

"வந்து சேர்ந்துடுதே அக்கா."

"சேரும் சேரும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள அங்க பொண்ணுக்குப் பிள்ளை பொறந்துடும்."

தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு தமிழாசிரியர் இதற்குள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் தமிழ்99 என்கிற கீபோர்டு முறையின் கட்சி. "உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெல்லாம் வலது கைக்கு. எவ்வளவு அறிவியல்பூர்வமா இருக்கு பாருங்க" என்று தொடங்கினார். "வெறும் பன்னெண்டு எழுத்துதானா? அப்ப இடது கைக்கு வேலையே இல்லையா சார்? சம்பளம் மட்டும் வாங்குமா?" என்றார் அக்கா. காலை பத்தரைக்கு ஆரம்பித்த விவாதம் மதியச் சாப்பாட்டைத் தாண்டியது. கடைசியில் ஆசிரியர் கோபமாக எழுந்து போய்விட்டார். போனவர் முகூர்த்தத் தேதியைச் சொல்ல மறந்துவிட்டார். அதைக் கேட்க முதலாளி வல்லம் வரை ஸ்கூட்டரில் போய்வந்தார்.

யாரும் தொடாத பட்டன்கள் மேல் அக்காவுக்குத் தனியான அபிப்பிராயங்கள் உண்டு. கேப்ஸ் லாக்கின் கீழே பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி, அமுக்க முடியாமல் செய்துவிட்டார். "தமிழுக்குப் பெரிய எழுத்து எதுக்கு? கத்தறதுக்கா?" என்பது அவர் கேள்வி. ஸ்க்ரோல் லாக் மேல் மட்டும் அவருக்குத் தாய்ப்பாசம். ஆயுத பூஜை அன்று நாங்கள் மெஷினுக்கும் கட்டிங் கத்திக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தால், அக்கா கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்குக்கும் அதன் பக்கத்தில் இருக்கிற, 'கொஞ்சம் நிறுத்து' என்று பொருள்படும் பாஸ் பட்டனுக்கும் மட்டும் பொட்டு வைப்பார்.

"மத்ததுக்கெல்லாம் வைக்கலையாக்கா?"

"அதுங்களைத்தான் தினம் தொடறோமே. இது பாவம், வருஷம் பூரா வாயைத் திறக்காம நிக்குது. இன்னைக்காவது நம்மள ஞாபகம் வச்சிருக்காங்கன்னு நினைக்கட்டும்."

மதியம் ஒரு மணிக்கு பாஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் சாப்பாட்டைப் பிரிப்பார். கை கழுவி வந்ததும் இன்னொரு தட்டு. அந்தப் பட்டனை அழுத்தினால் எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் நடக்காது. நான் அதைச் சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. எனக்கு ஆவும்" என்றார்.

இவ்வளவு கருணை உள்ளவர்தான் இன்சர்ட் என்றால் ராட்சசி ஆகிவிடுவார். அதுவும் நம் கீபோர்டு, அடுத்தவர் கீபோர்டு என்ற பேதமே கிடையாது. ஜெராக்ஸ் கடை, உரக்கடை, செல்போன் கடை, எங்கே கீபோர்டைப் பார்த்தாலும் கை வளையலுக்குப் போய்விடும். ஒரு தடவை அவருக்குக் கடுமையான காய்ச்சல். நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் மருந்துச் சீட்டை கம்ப்யூட்டரில் அடிக்கிறவர். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கத் திரும்பினார். டப்.

டாக்டர் கீபோர்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"காய்ச்சலைக் கேக்கறீங்களா சார், இதைக் கேக்கறீங்களா?"

பிடுங்கியதையெல்லாம் அக்கா ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு நாள் முதலாளி அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார். கலகலவென்றது.

"என்னம்மா இது?"

"சாவி சார்."

முதலாளி பதறிவிட்டார். கடைச் சாவி, பீரோச் சாவி எல்லாவற்றையும் இடுப்பில் தடவிப் பார்த்துக்கொண்டார். நெல்லில் பால் பிடிக்காமல் வெறும் உமியாக நிற்கும் மணிக்கும் எங்கள் பக்கம் சாவி என்றுதான் பெயர். அக்கா சொன்னது அந்தச் சாவியை. முதலாளிக்கு அது புரிய ஒரு டீ நேரம் ஆனது.

ஏன் இந்தக் கொலைவெறி என்று இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தேன். மாதாந்திர மின்தடை நாள் ஒன்றில், விசிறிக்கொள்ளப் பத்திரிகை அட்டையும் பேச நேரமும் இருந்தபோது, தானாகவே சொன்னார்.

தங்கை கல்யாணத்துக்கு அக்காவே பத்திரிகை அடித்திருக்கிறார். வேறொரு கடையில் அப்போது வேலை. அச்சுக்குப் போகிற கடைசி நிமிஷத்தில், சித்தப்பா பெயருக்குப் பின்னால் 'மற்றும் குடும்பத்தினர்' என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா சேர்த்தார். இன்சர்ட்டில் விரல் பட்டது அவருக்குத் தெரியாது. சித்தப்பா பெயருக்கு அடுத்து இருந்தது தாய்மாமன் பெயர். 'மற்றும் குடும்பத்தினர்' அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கச்சிதமாகத் தின்றுவிட்டது. வரி ஒழுங்காக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஐந்நூறு பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவி, ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் மாமா திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வந்து வாசலில் நின்று அக்காவின் அம்மாவைக் கேட்டாராம்:

"ஏன்க்கா, நான் மற்றும் குடும்பத்தினரா?"

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திருக்காட்டுப்பள்ளிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? டீக்கடையில், வயலில், கோயிலில், எங்கே போனாலும் "வாங்க மற்றும்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவும் இல்லை. அக்காவின் அம்மா தன் ஒரே தம்பியைப் பார்த்து ஒன்பது வருஷம்.

"நான் வேணும்னே எடுத்துட்டேன்னு நினைக்கிறார் தம்பி. பட்டன் தின்னுடுச்சுன்னு சொன்னா யார் நம்புவா?" என்றார் அக்கா. கரண்ட் வந்துவிட்டது. அக்கா எழுந்து போய் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்ட நேரம். தை மாதக் கல்யாணங்களுக்கு எங்கள் கடையில் கூட்டம் அலை மோதியது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். "பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல உங்க கடையைச் சொன்னாங்க" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார்.

அக்காவின் விரல்களும் நின்றுவிட்டன. அந்தக் கடையில் மழைச் சத்தம் நிற்பது போல டைப் சத்தம் நின்றதை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. "உக்காருங்கய்யா, மழைக்கு சூடா டீ சொல்லட்டுமா?" என்றார். அக்கா வாய்க்குள் "மாமா" என்றது எனக்கு மட்டும்தான் கேட்டது.

திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெளியே மறுபடி தூறல். மாமா உட்கார்ந்தார். எழுதிக்கொண்டு வந்த மஞ்சள் தாளை, பக்கத்திலேயே இருந்த அக்காவை விட்டுவிட்டு, கையை வளைத்து என்னிடம் நீட்டினார். நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அடித்தார். பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள், சகலைகள் எல்லோரும் இருந்தார்கள். பெண்ணுக்கு அத்தை மட்டும் இல்லை. அக்காவின் அம்மாதான் அந்த அத்தை. அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் அடித்து, ஒரு பிரதி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தம்பி, அவங்ககிட்ட சொல்லுங்க. இடது பக்கம் எட்டு பேரு, வலது பக்கம் ஏழு பேரு. ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி தெரியுது. இன்னொரு பேரு இருந்தா சரியா நிக்கும்."

"பங்காளி யாரையாவது போடச் சொல்லுங்க" என்றார் மாமா, சுவரைப் பார்த்து.

அப்போதுதான் எங்கள் முதலாளி, தன் முப்பது வருஷ அனுபவத்தை எல்லாம் திரட்டி, வாயைத் திறந்தார். "ஏங்கய்யா, பொண்ணுக்கு அத்தை இல்லீங்களா? அத்தை பேரு இல்லாம ஒரு பத்திரிகையா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "ஏன்யா மிதிக்கிற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்காங்க" என்றார். பிறகு, "சரி, போடச் சொல்லுங்க. ஆனா சின்னதாப் போடணும்" என்றார்.

"எவ்வளவு சின்னதான்னு கேளுங்க தம்பி."

"எவ்வளவு சின்னதாப் போட முடியுமோ அவ்வளவு."

அக்கா போட்டார். எழுத்தளவு ஆறு பாயிண்ட். எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் எறும்பு பெரிதாகத் தெரியும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"அ... ம... ச... வ... ல... லி. யாருய்யா இது அமசவலலி?"

"அம்சவல்லிதான்னு சொல்லுங்க தம்பி. இந்த சைஸ்ல புள்ளி நிக்காது. தங்க ஃபாயில்ல அடிக்கும்போது இன்னும் அடைச்சுக்கும்."

"எங்கக்கா பேரா இது? ஏதோ ஆந்திரா பக்கம் ஊரு பேரு மாதிரியில்ல இருக்கு!"

சொல்லிவிட்டு, 'எங்கக்கா' என்று தன் வாயிலிருந்தே வந்துவிட்டதை மாமா கவனித்துவிட்டார். சட்டென்று இருமினார். "கொஞ்சம் பெருசு பண்ணுங்க. புள்ளி தெரியற அளவுக்கு மட்டும். அதுக்கு மேல வேணாம்."

எட்டு பாயிண்ட் போட்டோம். "ச-வுக்கு வயிறே இல்லையே." பத்து போட்டோம். "இப்ப பேரு தெரியுது, ஆனா பக்கத்துல பங்காளி பேரு தடிதடியா இருக்கு. அவன் என்ன அவ்வளவு பெரிய ஆளா? எங்கக்கா தூக்கி வளர்த்த பய அவன்." பன்னிரண்டு. "இப்படி ஒண்ணு சின்னதா நின்னா ஏதோ மனஸ்தாபம்னு ஊருல பேசுவானுங்க." பதினான்கு. எல்லோருக்கும் உள்ள அளவு அதுதான். மாமா தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார், தலையை ஆட்டினார். இதற்குள் கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்களும் சுற்றி நின்று அம்சவல்லி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு சொல்லுங்க தம்பி" என்றார் மாமா. "மற்றும் குடும்பத்தினர்னு இதுல எந்த மூலையிலயும் வரக் கூடாது."

"வராதுன்னு சொல்லுங்க தம்பி."

"ஞாயித்துக்கெழமை காலையில பத்திரிகை வைக்க வருவேன். அக்கா வீட்டுல இருப்பாங்களான்னு கேளுங்க."

"இருப்பாங்கன்னு சொல்லுங்க."

"காபி போதும். டிபன் எல்லாம் பண்ண வேணாம்."

"அதை அம்மாகிட்டயே சொல்லிப் பாக்கச் சொல்லுங்க தம்பி."

இரண்டடி தூரத்தில் இருந்த இருவருக்கு நடுவே நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். மாமா எழுந்தார். குடையை எடுக்கக் குனிந்தவர் கண்ணில் கீபோர்டு பட்டது.

"இதென்ன, பல்லு விழுந்த மாதிரி ஒரு ஓட்டை?"

நான்தான் சொன்னேன். "அங்க இருந்த பட்டன்தாங்க உங்க பேரைத் தின்னது. அக்கா வேணும்னு பண்ணலைங்க."

மாமா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, என்னை விட்டுவிட்டு நேராக அக்காவைப் பார்த்தார்.

"பிடுங்கிட்டியா?"

அக்கா மேஜை டிராயரைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று டப்பா நிறையப் பட்டன்கள்.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டேன் மாமா. தஞ்சாவூர்ல ஒண்ணும் மிச்சமில்ல."

மாமா ஒன்றைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார். அதை டப்பாவில் போட்டுவிட்டு, அக்காவின் தலையில் கையை ஒரு நொடி வைத்து எடுத்தார். தூறல் விட்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், குடையை விரிக்க மறந்து, இறங்கிப் போனார். "நல்ல மனுஷன், ஆனா அக்கா பேருக்கு ஏன் இவ்வளவு யோசிச்சாரு?" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை மாமா போனார். பொங்கல், வடை, கேசரி மூன்றையும் சாப்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார் என்று அக்கா திங்கட்கிழமை சொன்னார். அம்மா அழுதாரா, மாமா அழுதாரா என்று நான் கேட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க" என்றார். அதைவிடச் சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

தையில் கல்யாணம். அக்கா லீவு போட்டிருந்தார். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகக் கடைக்கு வந்துவிட்டார். யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் பத்திரிகைக்கு வருகிறார்களாம், வேலை நின்றுவிடக் கூடாதாம். அத்தை என்ற முறையில் அம்மாவை மேடையில் முன்னால் நிறுத்தி வைத்ததையும், மாமா பந்தியில் தானே இலை போட்டதையும் நாலு வார்த்தையில் சொன்னார். பிறகு திரையைப் பார்த்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். சத்தம் எப்போதும் போல இல்லை. நின்று நின்று வந்தது. நடுநடுவே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

நான் அங்கே இருந்த நான்கு வருஷத்தில் அக்காவின் பக்கங்களில் ஒரு பிழைகூடக் கண்டுபிடித்ததில்லை. அதனால் எனக்குச் சம்பளம் எதற்கு என்று முதலாளி அடிக்கடி கேட்பார். அன்று அவர் அடித்த ஒரே பக்கத்தில் ஏழு பிழைகள் இருந்தன. ஏழையும் அவர் போன பிறகு நான் திருத்தினேன். முதலாளியிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.